விதியைச் சொல்வதும் அது சென்று சேர்வதும்: ஊழியர்களுக்கான நெறிச் செய்திகள், ஓர் அறிமுகம்

அமெரிக்க முதலீட்டு வங்கியான மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் ஷாங்காய் அலுவலகத்தில் கட்டட முதலீடுகளைக் கவனித்துவந்த உயரதிகாரி ஒருவர், ஒரு கட்டடத்தின் பங்கு தமக்கும் சீன அரசு நிறுவன அதிகாரி ஒருவருக்கும் ரகசியமாகக் கைமாறும்படி நிறுவனத்தின் உள்கட்டுப்பாடுகளை ஏய்த்ததாக 2012-ம் ஆண்டு அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. நிறுவனத்தின் மீதோ வழக்குத் தொடுக்கப்போவதில்லை என்று அமெரிக்க நீதித் துறை அறிவித்தது. அதற்கு அது காட்டிய காரணங்களில் ஒன்று, வெளிநாட்டு லஞ்சத் தடுப்புச் சட்டம் பற்றி அந்த ஒருவருக்கு மட்டும் ஏழு முறை பயிற்சி அளித்து, குறைந்தது 35 முறை நினைவூட்டியிருந்ததற்கு நிறுவனத்திடம் ஆவணங்கள் இருந்தன என்பது.

அந்த 35 நினைவூட்டல்களும் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டியிருந்தன. நிறுவனம் தன் கடமையைச் செய்தது என்பதற்குச் சான்றாக நிற்பது முதல் வேலை. அதை அவை மிக நன்றாகச் செய்தன. பெறுபவரின் நடத்தையைத் திருத்துவது இரண்டாவது வேலை. அதில் ஒன்றுகூடப் பலிக்கவில்லை. தெரிந்தே தவறு செய்யத் துணிந்தவரை எந்தச் சுற்றறிக்கையாலும் நிறுத்த முடியாது என்று இதற்குப் பதில் சொல்லலாம், அது சரியும்கூட. ஆனால் பணியிடத் தவறுகளில் பெரும்பகுதியைச் செய்பவர்கள் அத்தகைய துணிச்சல்காரர்கள் அல்லர். விதி தங்களுக்கும் பொருந்தும் என்று அறியாதவர்கள், கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று கூச்சப்பட்டவர்கள், மேலதிகாரி சொன்னதால் செய்தவர்கள், பார்த்தும் பயத்தால் வாய்திறவாதவர்கள் ஆகியோரே மிகுதி. செய்தியால் பயன் பெறக்கூடியவர்கள் இவர்கள்தான். இவர்களைச் சென்றடையும்படி செய்தியை எழுதுவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சட்டமும், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி போன்ற ஒழுங்குமுறை அமைப்புகளும், நிறுவனத்தின் சொந்த விதிகளும் கேட்பதைச் செய்வதை அலுவலகங்களில் கம்ப்ளையன்ஸ் என்கிறார்கள்; விதிப் பின்பற்றல் என்று நாம் சொல்லலாம். காலாண்டு முடிந்ததிலிருந்து நிதிநிலை முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை, பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் உள்தகவல் அறிந்த ஊழியர்கள் அதன் பங்குகளை வாங்கவோ விற்கவோ கூடாது என்பது இதற்கு நல்ல உதாரணம். தேதி உண்டு, எல்லை உண்டு, ஐயத்துக்கு இடம் குறைவு. நெறி என்பது விதி எட்டாத இடத்தில் எடுக்க வேண்டிய முடிவைப் பற்றியது. நிறுவனத்துக்கு மூலப்பொருள் தரும் வியாபாரி, கொள்முதல் அலுவலரின் தங்கை திருமணத்துக்குத் தம் மண்டபத்தைப் பாதி வாடகைக்குத் தர முன்வந்தால், அந்தச் சூழலை அப்படியே முன்னுணர்ந்த விதி எந்தக் கையேட்டிலும் இருக்காது. முதல் வகைச் செய்திக்குத் துல்லியம் போதும். இரண்டாம் வகைக்கு, யோசிக்கவும் கேட்கவும் ஓர் ஆளும் ஒரு வழியும் வேண்டும். இவ்விரண்டையும் ஒரே நடையில், ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவிடுவது பரவலான வழக்கம். பல பிழைகள் அங்கிருந்தே தொடங்குகின்றன.

ஊழியர்களிடம் சொல்லியாக வேண்டும் என்பதைச் சட்டமே பல இடங்களில் கட்டாயமாக்கியிருக்கிறது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டத்தின் 19-வது பிரிவு, தண்டனை விவரங்களையும், புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவை அமைத்த ஆணையையும் எளிதில் கண்ணில்படும் இடத்தில் வைக்கவும், விழிப்புணர்வு நிகழ்ச்சிகளைக் குறித்த இடைவெளிகளில் நடத்தவும் வேலை தருபவரைப் பணிக்கிறது. நிறுவனங்கள் சட்டத்தின் 177-வது பிரிவு, பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும் வேறு சில வகை நிறுவனங்களும் முறைகேடுகளைத் தெரிவிப்பதற்கான ஏற்பாட்டை வைத்திருக்கவும், அதன் விவரத்தை இணையதளத்திலும் இயக்குநர் குழு அறிக்கையிலும் வெளியிடவும் கோருகிறது. மொழியைப் பற்றியும் சட்டம் நெடுங்காலமாகவே கவலைப்பட்டிருக்கிறது. நிலையாணைகளை, அதாவது வேலை நிபந்தனைகளைக் கூறும் நிறுவன விதிகளை, ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் நுழைவாயில் அருகே பலகையில் வைக்க வேண்டும் என்று 1946-ம் ஆண்டின் நிலையாணைச் சட்டம் விதித்தது. தொழிற்சாலை அறிவிப்புகளுக்கு 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் அதையே சொன்னது. இவற்றையெல்லாம் நிறைவேற்றிவிட்ட நிறுவனத்தில்கூட, வாயிலைக் கடந்துசெல்லும் ஒருவரை நிறுத்திப் பலகையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் வராமல் போகலாம்.

தீபாவளிப் பெட்டி

ஒரே விதியை இரண்டு விதமாகச் சொல்லிப் பார்ப்பது, செய்தி எழுதுவதைக் கற்க எளிய வழி. பரிசுப் பொருள்கள் தொடர்பான விதியை எடுத்துக்கொள்வோம். பல நடத்தை விதிக் கையேடுகளில் அது ஏறக்குறைய இந்தத் தொனியில் இருக்கும்: “வணிக முடிவுகளின் மீது தாக்கம் செலுத்தக்கூடிய, அல்லது தாக்கம் செலுத்துவதாகக் கருதப்படக்கூடிய எவ்விதப் பொருள்சார்ந்த அனுகூலத்தையும் பணியாளர் எவரும் மூன்றாம் தரப்பினரிடமிருந்து பெறுதல் ஆகாது.” வழக்கறிஞர் பார்வையில் இதில் குறையில்லை. ஆனால் ஐப்பசி மாதத்தில், ஒரு கிலோ இனிப்பும் அடியில் ஓர் உறையும் வைத்த பெட்டி வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும்போது, கொள்முதல் பிரிவில் இரண்டாண்டு அனுபவம் உள்ள இளைஞருக்கு இந்த வாக்கியத்தால் எந்த உதவியும் இல்லை.

அதையே இப்படி எழுதலாம்: “தீபாவளிக்கு சப்ளையர்கள் அலுவலகத்துக்கு அனுப்பும் இனிப்பை வாங்கிக்கொள்ளலாம், அதைப் பிரிவில் உள்ள எல்லோரும் பகிர்ந்து உண்ணுங்கள். பணம், நகை, பரிசுக் கூப்பன், செல்போன், பயணச் சீட்டு ஆகியவற்றை எவ்வளவு குறைந்த மதிப்பாக இருந்தாலும் வாங்கக் கூடாது. நீங்கள் வீட்டில் இல்லாதபோது கொடுத்துவிட்டுப் போயிருந்தால், அடுத்த வேலை நாளில் கொண்டுவந்து நிர்வாகப் பிரிவில் ஒப்படைத்து, பதிவேட்டில் எழுதுங்கள். நன்றி தெரிவித்துத் திருப்பி அனுப்பும் கடிதத்தை நிறுவனமே எழுதும். எது சரி என்று புரியாவிட்டால், கையெழுத்துப் போட்டு வாங்குவதற்கு முன் இந்த எண்ணை அழையுங்கள்.”

இந்த இரண்டாம் வடிவத்தில் என்னுடைய பார்வையில் முக்கியமானது பட்டியல் அல்ல, வீட்டுக்கு வந்துவிட்ட பெட்டியைப் பற்றிய வாக்கியம். தவறு பெரும்பாலும் அங்கேதான் நிகழ்கிறது. வந்த பொருளைத் திருப்பி அனுப்புவது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். மனைவியோ தாயோ ஏற்கெனவே பெட்டியைப் பிரித்திருக்கவும் கூடும். இந்தச் சங்கடத்தை விதி கண்டுகொள்ளாவிட்டால், ஊழியர் பெட்டியை வைத்துக்கொண்டு விஷயத்தை மறைப்பார். மறைத்தவுடன் அற்பமான ஒரு பரிசு உண்மையான முறைகேடாகிவிடுகிறது. திருப்பி அனுப்பும் கடிதத்தை நிறுவனமே எழுதும் என்ற ஒரு வரி, மறுக்கும் பொறுப்பை அவர் தோளிலிருந்து இறக்கிவைக்கிறது.

இத்தகைய செய்தி எப்போது போகிறது என்பதற்கும் அதன் சொற்களுக்கு இணையான எடை உண்டு. ஏப்ரலில் நிதியாண்டுத் தொடக்கத்தில் நடக்கும் ஆண்டுப் பயிற்சியில் பரிசு விதியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதைவிட, தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு ஐந்து வரிகள் அனுப்புவது மேல். அதே வாரத்தில் சப்ளையர்களுக்கும் ஒரு கடிதம் போக வேண்டும். விதியைக் கொடுப்பவரும் வாங்குபவரும் சேர்ந்தே அறிந்திருந்தால், வாங்குபவர் மட்டும் எதிர்நீச்சல் போட வேண்டிய நிலை இருக்காது.

செயலைச் சொல்வது, நேரத்தைச் சொல்வது, கேட்க வேண்டிய ஆளைச் சொல்வது என்ற இந்த மூன்றும் சில இடங்களில் ஊழியரின் சட்டப் பாதுகாப்பையே தீர்மானிக்கும். ஊழல் தடுப்புச் சட்டம் 2018-ல் திருத்தப்பட்ட பிறகு, லஞ்சம் கொடுப்பதும் நேரடியான குற்றம். ஆனால் கொடுக்குமாறு நிர்ப்பந்திக்கப்பட்டவர், ஏழு நாள்களுக்குள் காவல் துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ தெரிவித்துவிட்டால் அந்தப் பிரிவு அவருக்குப் பொருந்தாது. தவிர, நிறுவனத்தின் சார்பில் லஞ்சம் தரப்பட்டால் நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும். அதைத் தடுக்கப் போதிய நடைமுறைகளை வைத்திருந்ததாகக் காட்டுவதே அதற்குள்ள எதிர்வாதம். இப்போது, அனுமதிக் கோப்புகளோடு அரசு அலுவலகங்களுக்கு அலையும் களப் பணியாளரை நினைத்துப் பாருங்கள். “லஞ்சத்தை எங்கள் நிறுவனம் எவ்வகையிலும் சகித்துக்கொள்ளாது” என்ற முழக்கம் அவர் கையில் இருக்கும் காலண்டரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பணம் கொடுத்துவிட்டு, மாதாந்திரச் செலவுக் கணக்கு எழுதும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று அவர் காத்திருந்தால் ஏழு நாள் கடந்துவிடும். “வற்புறுத்தி வாங்கிவிட்டார்களா? அன்றைக்கே சட்டப் பிரிவை அழையுங்கள், ஏழு நாளுக்குள் புகார் தரப்பட வேண்டும், அழைத்ததற்காக உங்கள்மீது நடவடிக்கை வராது” என்பதே அவருக்குத் தேவையான செய்தி.

சுவரொட்டியில் எது பெரிய எழுத்தில்?

பாலியல் துன்புறுத்தல் தடுப்பு பற்றிய அறிவிப்புகளைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் உறுத்துவது ஒன்று உண்டு. சட்டத்தின் 14-வது பிரிவு, தீய நோக்கத்துடன் பொய் என்று தெரிந்தே புகார் கொடுப்பவர் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்கிறது. பல அறிவிப்புகளில் இந்தப் பகுதிதான் தடித்த எழுத்தில், சில வேளை சிவப்பு நிறத்தில் இருக்கும். அதே பிரிவில், புகாரை நிரூபிக்க முடியாமற்போவதோ போதிய ஆதாரம் இல்லாமையோ மட்டும் அத்தகைய நடவடிக்கைக்குக் காரணமாகாது என்று வெளிப்படையாகச் சொல்லியிருப்பது அறிவிப்பில் இடம்பெறாது. சட்டத்தின் ஒரு பாதியை மட்டும் எடுத்து ஒட்டினால், அதைப் படிக்கும் பெண்ணுக்குப் போய்ச் சேரும் பொருள், நிரூபிக்க முடியாவிட்டால் தண்டனை தனக்குத்தான் என்பது. அறிவிப்பில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அது புகார்களை அடைத்துவிடும்.

அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியவை வேறு. சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். எழுதத் தெரியாதவருக்கும் எழுத இயலாத நிலையில் இருப்பவருக்கும் எழுத்தில் தருவதற்குக் குழுவின் தலைவரோ உறுப்பினரோ உதவியாக வேண்டும் என்பது சட்டம் இட்ட கடமை. விசாரணை 90 நாள்களுக்குள் முடிய வேண்டும். விசாரணைக் காலத்தில் தன்னையோ எதிர்த்தரப்பினரையோ வேறு இடத்துக்கு மாற்றுமாறும், மூன்று மாதம் வரை விடுப்பு தருமாறும் அவர் கேட்கலாம். குழுவில் மூத்த பெண் ஊழியர் தலைமை ஏற்பார், பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருப்பார்கள், நிறுவனத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் இருப்பார். இவற்றை ஒரே தாளில் எழுதிவிட முடியும். பணியாளர்கள் அந்தக் குழுவை விசாகா கமிட்டி என்று அறிந்திருந்தால் அந்தப் பெயரையும் சேர்த்தே போடலாம். 1997-ம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ஊன்றிய பெயர் அது.

குழு இருக்கிறது என்று அறிவிப்பதோடு நிற்காமல், உறுப்பினர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றையும் புகார் அளிக்கும் முறையையும் எளிதில் கிடைக்கும்படி வெளியிட வேண்டும் என்று 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அரசு அமைப்புகள் தொடர்பான உத்தரவில் வலியுறுத்தியது. தனியார் நிறுவனங்களுக்கும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய உண்டு. ஒட்டும் இடத்தையும் யோசிக்க வேண்டும். எச்.ஆர். அறைக் கதவில் ஒட்டினால், அதன் முன் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளும் ஒவ்வொருவரையும் நான்கு பேர் பார்ப்பார்கள். பெண்கள் கழிவறைக் கதவின் உட்புறம், உடை மாற்றும் அறை, நிறுவனம் நடத்தும் விடுதி, ஊழியர் பேருந்து போன்ற இடங்கள் பொருத்தமானவை.

யார் வாயால், எந்த மொழியில்

திருப்பூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ உள்ள ஒரு தொழிற்சாலையில் இன்று தமிழும் ஆங்கிலமும் எழுதிய பலகை பாதி வேலையைத்தான் செய்யும். ஒடியா, இந்தி, வங்காளம், அசாமியம் பேசும் தொழிலாளர்கள் பல தளங்களில் பெரும் எண்ணிக்கையில் இருக்கிறார்கள். பெரும்பான்மையினரின் மொழி என்ற பழைய அளவுகோலைப் பிடித்துக்கொண்டால், ஊரும் மொழியும் புதிதாக இருப்பதால் எளிதில் ஏமாற்றப்படக்கூடியவர்களே விடுபட்டுப்போவார்கள். மொழிபெயர்ப்பை ஒரு மென்பொருளிடம் கொடுத்து அப்படியே அச்சடிப்பதைவிட, அந்த மொழி பேசும் தொழிலாளர் இருவரை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லி, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று திரும்பக் கேட்பதே நம்பகமான வழி. வாசிக்கப் பழக்கமில்லாதவர்களுக்கு அரை நிமிடக் குரல் பதிவு, ஐந்து பக்கக் கையேட்டைவிட அதிகம் பயன்படும்.

அடுத்தது யார் சொல்வது என்பது. நிர்வாக இயக்குநரின் கையொப்பமிட்ட கடிதத்துக்கு ஓர் இடம் உண்டு, ஆனால் பெரும்பாலான ஊழியர்களுக்கு நிறுவனம் என்றால் அவர்களுடைய சூப்பர்வைசர்தான். வேலை நேரத்தில் கேள்வி கேட்டால் எரிந்துவிழுவாரா, விடுப்பு கேட்டால் முகம் சுளிப்பாரா என்பதை வைத்தே புகார் கொடுத்தால் என்ன நடக்கும் என்று அவர்கள் கணக்கிடுகிறார்கள். எனவே சூப்பர்வைசர்களுக்குத் தனியாக, முன்கூட்டியே பயிற்சி தர வேண்டும். விதியை அவர்கள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் வந்து தயங்கித் தயங்கிப் பேசினால் இடைமறிக்காமல் கேட்பது, “இதைப் பெரிசாக்காதே” என்று சொல்லாமலிருப்பது, தாமே விசாரிக்கப் புகாமல் உரிய குழுவிடம் அனுப்புவது ஆகிய மூன்றைச் செய்தால் போதும். ஷிஃப்ட் தொடங்கும்முன் பாதுகாப்புக் குறிப்புகளுக்காகச் சில நிமிடம் கூடுவது பல தொழிற்சாலைகளில் ஏற்கெனவே உள்ள பழக்கம். வாரத்தில் ஒரு நாள் அதில் ஒரே ஒரு சூழலைச் சொல்லி, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கலாம்.

சூப்பர்வைசரே பிரச்சினையாக இருக்கும் இடங்களும் உண்டு. அங்கே இந்த ஆலோசனை கேலிக்கூத்தாகிவிடும். திண்டுக்கல் மாவட்டத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் இளம் பெண் தொழிலாளி 2021-ல் கொல்லப்பட்டதை அடுத்து எழுந்த போராட்டத்தின் விளைவாக, 2022-ல் தொழிலாளர் சங்கமும் நிறுவனமும் பன்னாட்டு ஆடை விற்பனை நிறுவனங்களும் திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அறியப்படும் உடன்பாட்டுக்கு வந்தன. அதில் கவனிக்கத்தக்க ஏற்பாடு ஒன்று உண்டு. உற்பத்தித் தளத்தில் வேலை செய்யும் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்தெடுத்து, துன்புறுத்தலை அடையாளம் காணவும் தெரிவிக்கவும் பயிற்சி கொடுத்தார்கள். பக்கத்துத் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு அலுவலக அறிவிப்புக்கு இல்லாத நம்பிக்கை இருக்கும். நிர்வாகத்தின் நாவிலிருந்து மட்டுமே நெறி பேசப்பட வேண்டும் என்று நினைக்கும் நிறுவனங்களுக்கு இது உவப்பாக இராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எழுதப்படாத சுற்றறிக்கை

எவ்வளவு நன்றாக எழுதப்பட்ட செய்தியையும் முறியடிக்க வல்லது, அதே நிறுவனம் இலக்குகள் வழியாகவும் பதவி உயர்வு வழியாகவும் அனுப்பும் இன்னொரு செய்தி. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளர் குடும்பமும் தன்னிடம் எட்டுக் கணக்குகளோ சேவைகளோ வைத்திருக்க வேண்டும் என்ற இலக்கைப் பல ஆண்டுகள் முழங்கிவந்தது. கிளை ஊழியர்களுக்கு அன்றாட விற்பனை எண்ணிக்கை கேட்கப்பட்டது. வாடிக்கையாளரின் ஒப்புதல் இல்லாமல் கணக்குத் தொடங்கக் கூடாது என்ற விதியும் கையேட்டில் இருந்தது. நெறிமுறைப் பயிற்சியும் நடந்தது. புகார் தொலைபேசியும் இருந்தது. 2016 செப்டம்பரில் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டபோது, ஐந்தாண்டுகளில் சுமார் 5,300 ஊழியர்கள் இதற்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டிருந்தது வெளியே வந்தது. ஒப்புதலின்றித் திறக்கப்பட்டிருக்கக்கூடிய கணக்குகள் 35 லட்சம் வரை இருக்கலாம் என்று மறு ஆண்டு வங்கியே மதிப்பிட்டது. 5,300 பேரும் விதியை மறந்தவர்கள் என்று நம்புவது கடினம். விதியை ஆண்டுக்கு ஒரு தடவையும் இலக்கை நாளுக்குப் பல தடவையும் கேட்டவர்கள் அவர்கள். எது நிறுவனத்தின் உண்மையான விருப்பம் என்று அவர்கள் முடிவுக்கு வந்ததில் வியப்பில்லை.

அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானின் கதை இதைவிட எளிதாகப் புரியும். 2000-ம் ஆண்டு ஜூலையில் அது வெளியிட்ட நெறிமுறைக் கையேடு 64 பக்கங்கள் கொண்டது. மரியாதையையும் நேர்மையையும் பற்றி அதில் அழகாகவே எழுதியிருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டிலேயே, தலைமை நிதி அதிகாரி நிறுவனத்தோடு பேரம் பேசும் கூட்டு நிதியங்களைத் தாமே நடத்திக்கொள்வதற்காக, நலன் முரண் (சொந்த நலனும் நிறுவன நலனும் மோதும் நிலை) பற்றிய நெறி விதியிலிருந்து இயக்குநர் குழு அவருக்கு விலக்களித்திருந்தது. 2001 டிசம்பரில் நிறுவனம் திவாலானது. செய்தி எழுதும் பொறுப்பில் இருக்கும் ஒருவரால் இயக்குநர் குழுவைத் திருத்த முடியாது. ஆனால் ஒரு காரியம் செய்யலாம். ஒரு நெறிச் செய்தியை அனுப்புவதற்கு முன், அதே ஊழியர்களுக்கு அந்த மாதத்தில் விற்பனைப் பிரிவும் உற்பத்திப் பிரிவும் என்னென்ன இலக்குகளை அனுப்பியிருக்கின்றன என்று வாங்கிப் படிக்கலாம். இரண்டும் மோதினால், சுற்றறிக்கையை நிறுத்திவைத்து அந்த மோதலை மேலிடத்துக்கு எழுத்தில் கொண்டுபோவதே அவர் செய்யக்கூடிய பயனுள்ள வேலை.

குறுக்குவழிகளை நம்பி ஏமாறுவதும் இத்துறையில் அடிக்கடி நிகழ்கிறது. படிவத்தின் இறுதியில் போடும் உறுதிமொழிக் கையெழுத்தைத் தொடக்கத்திலேயே வாங்கினால் மக்கள் நேர்மையாக நிரப்புவார்கள் என்று 2012-ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை சொன்னது; உலகெங்கும் நிறுவனங்களும் அரசுத் துறைகளும் அதை ஆவலோடு எடுத்துக்கொண்டன. பின்னர் நடந்த சோதனைகளில் அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. அதன் தரவுகளில் ஒரு பகுதி புனையப்பட்டிருந்ததாகத் தெரிந்து, 2021-ல் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. நேர்மை பற்றிய ஆய்வுக்கு இப்படியொரு கதி வந்தது வேடிக்கைதான்.

பேசியவருக்கு என்ன ஆயிற்று

புகார் கொடுக்கச் சொல்லும் செய்திகள் எல்லா நிறுவனங்களிலும் உண்டு. கொடுத்த பிறகு என்ன நடந்தது என்று சொல்பவை அரிது. ரகசியம் காக்க வேண்டும் என்பதை இதற்குக் காரணமாகச் சொல்வார்கள். பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 16-வது பிரிவு புகாரின் விவரங்களையும் தொடர்புடையோரின் அடையாளத்தையும் வெளியிடத் தடை விதிப்பது உண்மை. ஆனால் அதே பிரிவு, பாதிக்கப்பட்டவரும் சாட்சிகளும் யார் என்று தெரியவராத வகையில், நீதி வழங்கப்பட்ட செய்தியைப் பரப்ப அனுமதிக்கவும் செய்கிறது. இந்த அனுமதியைப் பயன்படுத்துவோர் குறைவு. விளைவாக, முடிவு தெரியாத இடத்தை வதந்தி நிரப்புகிறது. புகார் கொடுத்தவர் ஆறு மாதம் கழித்து வேறு காரணத்துக்காக வேலையை விட்டுப் போனாலும், துரத்திவிட்டார்கள் என்றே கேன்டீனில் பேச்சு நடக்கும்.

இதில் நிதானமும் வேண்டும். நாற்பது பேர் வேலை செய்யும் இடத்தில் பெயரைத் தவிர்த்து எழுதினாலும் இன்னார்தான் என்று மறுநாளே கண்டுபிடித்துவிடுவார்கள். அத்தகைய இடங்களில் தனித்தனிச் சம்பவங்களைச் சொல்லாமல், ஆண்டில் வந்த கேள்விகள் இத்தனை, புகார்கள் இத்தனை, உண்மை என்று முடிவானவை இத்தனை, எடுத்த நடவடிக்கைகளின் வகை இன்னவை என்று மட்டும் தொகுத்துத் தரலாம். ரகசியம் பற்றிய வாக்குறுதியையும் அளந்தே கொடுக்க வேண்டும். “உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது” என்று எழுதிவிட்டு, விசாரணையில் எதிர்த்தரப்புக்குப் புகாரின் நகலைத் தர வேண்டிய நிலை வந்தால், அந்த ஒரு சம்பவத்தோடு நம்பிக்கை போய்விடும். “விசாரணைக்கு அவசியமானவர்களுக்கு மட்டுமே தெரியும், அவர்கள் இன்னார்” என்பது கவர்ச்சி குறைந்த வாக்கியம், ஆனால் காப்பாற்றக்கூடியது.

செய்தி சென்று சேர்ந்ததா என்று அறிவதற்குப் பயிற்சியை முடித்தோர் விழுக்காடு உதவாது; பயிற்சிக் காணொளியை ஓடவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டே பெட்டியில் டிக் செய்ய எல்லோருக்கும் தெரியும். புகாரே வரவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லும் நிறுவனங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. எல்லாம் ஒழுங்காக இருப்பதாலும் வராமல் இருக்கலாம், எங்கே சொல்வது என்று தெரியாததாலும் இருக்கலாம். புகார்களைக் காட்டிலும் கேள்விகளே நல்ல அளவுகோல் என்று நான் கருதுகிறேன். தீபாவளிச் சுற்றறிக்கைக்குப் பிறகு, “இந்தப் பெட்டியை வாங்கலாமா?” என்று பத்துப் பேர் போன் செய்திருந்தால் அது வேலை செய்திருக்கிறது, எந்தப் பிரிவிலிருந்து ஒரு கேள்விகூட வரவில்லையோ அங்கே நேரில் போய்ப் பேச வேண்டும். அதோடு, ஷிஃப்ட் முடிந்து வெளியேறும் சிலரிடம், சூப்பர்வைசர் மீதே புகார் என்றால் யாரிடம் சொல்வீர்கள் என்று வெவ்வேறு நாள்களில் கேட்டுவிட்டு, வரும் பதில்களைப் பலகையில் உள்ள பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கடைசியாக, பலகையில் அச்சிட்ட அந்தத் தொலைபேசி எண்ணை, ஆண்டுக்கு இரண்டு தடவையாவது, இரவு ஷிஃப்ட் நேரத்தில், தமிழும் ஆங்கிலமும் தெரியாத ஒரு தொழிலாளரைக் கொண்டு அழைக்கவைத்து, எத்தனையாவது மணியில் எடுக்கிறார்கள், எந்த மொழியில் பதில் சொல்கிறார்கள், முதலில் பெயரைக் கேட்கிறார்களா அல்லது நடந்ததைக் கேட்கிறார்களா என்று குறித்துக்கொள்ள வேண்டும்.